சாமி ஊர்வலத்துக்கு ஏழு கடிதம்: போர்ட்டிக்சன் மாசி மகத்துல நான் கத்துக்கிட்டது

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை முடிஞ்சு சாவகாசமா இருக்கும்போது படிங்க.

மாசி மகத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. இப்பவே எதுக்கு அந்தப் பேச்சுன்னு கேப்பீங்க. நேத்து ராத்திரி எங்க ஆலயக் கமிட்டி கூட்டத்துல 2026 மாசி மகத்துக்கான கடிதங்கள்ல கையெழுத்துப் போட்டாச்சு. மொத்தம் ஏழு கடிதம். ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரே ஒரு கடிதத்தோட ஊர்வலம் போனோம். ஒன்னு எப்படி ஏழாச்சு, அதனால எங்களுக்கு என்ன நல்லது நடந்துச்சுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கடற்கரையில திருவிழா நடத்துற மத்த ஆலயத் தொண்டூழியர்களுக்கும் உதவும்னு நினைக்கிறேன்.

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. எஸ்.பி.எம் முடிச்சுட்டு செனவாங்ல ஒரு பேக்டரியில சேர்ந்தேன். இப்ப அங்கேயே சூப்பர்வைசர். வீடு லுக்குட் பக்கம். ஆலயத்துல ஊர்வலப் பொறுப்பு என்னுது. ரதத்துக்கு முன்னாடி கயிறு பிடிக்கிறது, ரோட்டுல வண்டிகளை ஒதுக்குறது, கடல்ல பிள்ளைங்க ஆழத்துக்குப் போகாம பார்த்துக்கிறது, இதெல்லாம் எங்க குழு வேலை.

போர்ட்டிக்சன் பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. நெகிரி செம்பிலான்ல கடல் இருக்கிற ஒரே மாவட்டம் இதுதான். கோலாலம்பூர்லேர்ந்து ஒன்றரை மணி நேரம், சிரம்பான்லேர்ந்து அரை மணி நேரம். அதனால சனி ஞாயிறு வந்தா ஊரே வேற ஊரா மாறிடும். தெலுக் கெமாங், சவுஜானா, புளூ லகூன்னு எந்தப் பக்கம் போனாலும் கார், பஸ், பாய், அடுப்பு, பிள்ளைங்க. திங்கக்கிழமை காலையில எல்லாரும் போயிடுவாங்க, நாங்க மட்டும் இருப்போம்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க அப்பா தோட்டத்து லாரியில எங்களை இந்தக் கடலுக்குக் கூட்டிட்டு வருவார். லாரி பின்னாடி நாப்பது பேர், புளிச்சோறு, ஒரு உறுமி. எங்க தோட்டத்து ஜனங்களுக்கு கடல்னா அது ஒன்னுதான். அப்பா தவறினப்ப அவரோட அஸ்தியையும் இதே தண்ணியிலதான் கரைச்சேன். அதனால மாசி மகம் எனக்கு வெறும் திருவிழா கிடையாது. வருஷத்துல ஒரு நாள் அம்மன் எங்க அப்பா இருக்கிற இடத்துக்கு வந்து நீராடிட்டுப் போறான்னுதான் மனசுக்குள்ள நினைச்சுக்குவேன்.

இப்ப 2024-க்கு வர்றேன்.

அந்த வருஷம் மாசி மகம் பிப்ரவரி 24, சனிக்கிழமை. அதே நாள் சீனர்களுக்கு சாப் கோ மே. அவங்க பதினைஞ்சாம் நாளும் பௌர்ணமி, நம்ம மாசி மகமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், ரெண்டும் ஒன்னா வந்ததுல ஆச்சரியம் இல்ல. ஆனா நாங்க யாரும் காலண்டரைப் பக்கத்துல வச்சுப் பார்க்கல. பார்த்ததெல்லாம் பஞ்சாங்கம் மட்டும்தான்.

கடிதம் கொடுத்தது ரெண்டு வாரத்துக்கு முந்தி, நகராண்மைக் கழகத்துக்கு மட்டும். "வருஷா வருஷம் போறதுதானே, அவங்களுக்குத் தெரியும்" அப்படின்னு ஒரு நினைப்பு. ரதம் நாலு மணிக்குக் கிளம்பணும். பிரமுகர் ஒருத்தர் வர்றார்னு காத்திருந்து, மாலை மரியாதை முடிஞ்சு, அஞ்சரைக்குத்தான் நகர்ந்துச்சு. அந்த நேரத்துல கடற்கரை ரோடு எப்படி இருக்கும்னு உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியும். போற வழியும் ஜாம், வர்ற வழியும் ஜாம், நடுவுல எங்க ரதம்.

ஆறு மணி வாக்குல பின்னாடி சைரன் சத்தம் கேட்டுச்சு. ஆம்புலன்ஸ். போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரியும் இதே கடற்கரை ரோட்டுலதான் இருக்கு. ரதத்துக்குப் பின்னாடி நாலு வரிசை ஜனம், அதுக்குப் பின்னாடி கார்கள், அதுக்கும் பின்னாடி அந்த ஆம்புலன்ஸ். ஓரத்துல ஒதுங்கவும் இடம் இல்ல, ரெண்டு பக்கமும் காரை நிறுத்தி வச்சிருக்காங்க.

நான் மேளத்தை நிறுத்தச் சொன்னேன். ரதத்தை ஒரு கடை வாசல் பக்கமா தள்ளி ஏத்தச் சொன்னேன். அலங்காரம் ஒரு பக்கம் சாஞ்சு, மாலை ரெண்டு அறுந்து விழுந்துச்சு. கூட்டத்துல சிலர் கத்துனாங்க. நான் எதையும் காதுல வாங்கல. கார் ஒவ்வொன்னா ஒதுக்கி ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போக பதினேழு நிமிஷம் ஆச்சு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பேக்டரியில மிஷின் நின்னா எத்தனை நிமிஷம் நின்னுச்சுன்னு குறிச்சு வைக்கிற பழக்கம், அது தானா வந்துருச்சு. ஆனா இங்க நின்னது மிஷின் இல்லையே.

உள்ளே இருந்தது ஒரு மலாய்க்கார பாட்டி, மூச்சுத் திணறல்னு அப்புறம் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பிழைச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அந்தச் செய்தி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கல.

ஆலயத்துக்குத் திரும்பினதும் எங்க பெரியப்பா, சொந்தம் கிடையாது, ஆலயத்தை ஆரம்பிச்ச பெரியவங்கள்ல ஒருத்தர், எல்லார் முன்னாடியும் கேட்டார். "சாமியை நடுரோட்டுல நிறுத்தி மூலையில தள்ளிட்டியேடா. உனக்கு யார் அந்த அதிகாரம் கொடுத்தது?" நான் பதில் பேசல. அவர் வயசு அப்படி. அன்னையிலேர்ந்து அவர் என்கிட்ட பேசுறதையே விட்டுட்டார்.

மறுநாள் ஞாயிறு காலையில ஏழு மணிக்கு நானும் வீட்டுக்காரம்மாவும் கையுறை எடுத்துக்கிட்டு கடற்கரைக்குப் போனோம். குப்பையைப் பொறுக்கலாம்னு. அங்க எங்களுக்கு முந்தியே ஒரு அம்மா சீருடையில கூட்டிக்கிட்டு இருந்தாங்க. தேங்காய் மூடி, வாழை இலை, பூமாலை, கற்பூரத் தட்டு, பிளாஸ்டிக் கிண்ணம், தண்ணி போத்தல். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுக்கிட்டாங்க. "நேத்து நானும் சாமி பார்க்க வந்தேன்ணே. ராத்திரியே நினைச்சேன், காலையில இதெல்லாம் நான்தான் அள்ளணும்னு." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

அடுத்த கமிட்டி கூட்டத்துல பெரிய சண்டை. ஒரு கட்சி சொல்லுச்சு, "இனிமே கடலுக்கே போக வேணாம், ஆலயத்துலேயே தொட்டியில தண்ணி வச்சு தீர்த்தவாரி பண்ணிடலாம்." இன்னொரு கட்சி, "ஓட்டப்பந்தயம், சைக்கிள் பந்தயம்னா ரோட்டையே மூடித் தர்றாங்க. நமக்கு மட்டும் என்ன? யாரைக் கேட்கணும்? வழக்கம் போல போவோம்." எனக்கு ரெண்டு பேச்சும் பிடிக்கல. ஒரு வாரம் டைம் கொடுங்க, எந்த ஆபீஸ்ல என்ன கேட்கணும்னு நானே போய் விசாரிச்சுட்டு வர்றேன்னு சொன்னேன். ஒரு வாரம்னு சொன்னது நாலு மாசம் ஆச்சு, அது வேற கதை.

விசாரிச்சதுல தெரிஞ்சதை வரிசையா சொல்றேன்.

முதல்ல, கடற்கரை ரோடு நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தம்னு நான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது கூட்டரசு சாலை, அஞ்சாம் எண். பார்த்துக்கிறது பொதுப்பணி இலாகா. போக்குவரத்தை நிறுத்துறதும் திருப்பி விடுறதும் போலீஸ். மணல் பகுதி நிலம்னா மாவட்ட நில அலுவலகத்தைக் கேட்கணும். குப்பை விஷயத்துல, 2011 செப்டம்பர் 1-லேர்ந்து 672-ஆவது சட்டம் நடப்புக்கு வந்த மாநிலங்கள்ல நெகிரி செம்பிலானும் ஒன்னு. அதனால குப்பை எடுக்கிறது, ரோடு கூட்டுறது எல்லாம் எஸ்.டபிள்யூ.கார்ப் மேற்பார்வையில ஒப்பந்த நிறுவனம் செய்யுது. நாம குப்பைத் தொட்டி நிறைஞ்சிருந்தா நகராண்மைக் கழகத்தைத் திட்டுறோம். தப்பான கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கோம்.

இதுல ஒரு வேடிக்கை. கலங்கரை விளக்கம் இருக்கிற தஞ்சோங் துவான் இருக்கு பாருங்க, நம்ம ஊர் ஓரத்துலதான் இருக்கு, ஆனா அது மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான இடம். மார்ச் மாசம் சுமத்ராவுலேர்ந்து கடல் தாண்டி வர்ற கழுகு, பருந்தெல்லாம் பார்க்க ஜனங்க அங்கதான் கூடுவாங்க. வர்றவங்க காரை நிறுத்துறது நெகிரி செம்பிலான்ல, பறவையைப் பார்க்கிறது மலாக்காவுல. ஒரு சின்ன கடற்கரை ஊர், அதுக்குள்ள எத்தனை கோடு போட்டு வச்சிருக்காங்க பாருங்க.

ரெண்டாவது, பணம். ஹோட்டல்ல தங்குறவங்க கொடுக்கிற சுற்றுலா வரி எல்லாம் ஊருக்கு வருதுன்னு நம்ம ஆளுங்க பேசிக்குவாங்க. 2017 செப்டம்பர்ல வந்த அந்த வரி வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டும்தான், ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட், அதை வசூலிக்கிறதும் கூட்டரசு. போர்ட்டிக்சன் வர்றவங்க முக்கால்வாசி யாரு? கோலாலம்பூர், சிலாங்கூர், சிரம்பான்காரங்க. காலையில வந்து சாயந்திரம் போறவங்க ஹோட்டல்ல தங்கவே மாட்டாங்க. அவங்க விட்டுட்டுப் போறது குப்பையும் ஜாமும். நகராண்மைக் கழகத்துக்கு முக்கியமான வருமானம் நாம பிப்ரவரிக்குள்ள ஒரு தடவை, ஆகஸ்டுக்குள்ள ஒரு தடவை கட்டுறோமே, அந்த மதிப்பீட்டு வரி. உரிமக் கட்டணம், வாடகை, பார்க்கிங் எல்லாம் அதுக்கு மேல. அதாவது லுக்குட்ல இருக்கிற என் வீட்டு வரியிலேயும் ஒரு பங்கு, வாரக் கடைசியில வர்ற வெளியூர்க்காரங்களுக்கு விளக்கு எரிய வைக்குது. கடை வச்சிருக்கிறவங்க, ஹோம்ஸ்டே வச்சிருக்கிறவங்களுக்கு அவங்களாலதான் சோறு, அதையும் மறுக்க முடியாது. என் தங்கச்சி வீட்டுக்காரரே நாசி லெமாக் வித்துத்தான் பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறார்.

மூணாவதா ஒன்னு. நகராண்மைக் கழக உறுப்பினர்களை நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது இல்ல. 1965-ல ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வச்சாங்க, அப்புறம் 1976 ஊராட்சிச் சட்டம் வந்து அது ஒரேயடியா போயிடுச்சு. மாநில அரசாங்கம் நியமிக்கும், எட்டுப் பேருக்குக் குறையாம இருபத்து நாலு பேருக்கு மேல போகாம. அதனால நம்ம வட்டாரத்து உறுப்பினர் யாருன்னு நாமதான் தேடிப் போய்த் தெரிஞ்சுக்கணும். அவர் ஓட்டுக் கேட்டு நம்ம வீட்டுக்கு வரப் போறதில்ல. இது சரியா தப்பான்னு பெரியவங்க பேசட்டும். ஆனா இந்த வயசு வரைக்கும் என் வட்டாரத்து உறுப்பினர் பேர் எனக்குத் தெரியாம இருந்தது என் தப்பு.

இப்ப அந்த ஓட்டப்பந்தயக் கதை. ஆபீஸ்ல ஒரு மலாய்க்கார அதிகாரி, என்னைவிட சின்ன வயசு. நான் கொஞ்சம் சூடாவே கேட்டேன், அவங்களுக்கு மட்டும் ரோட்டை மூடுறீங்களேன்னு. அவர் கோபப்படல. உட்காரச் சொல்லி, ஒரு பந்தய ஏற்பாட்டாளர் எந்தெந்தத் தாள் கொடுக்கணும்னு விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பல மாசத்துக்கு முந்தியே விண்ணப்பம். ரோடு வரைபடம், எந்த முனையில எத்தனை ஆள், மாற்று வழி எது, ஆம்புலன்ஸ் எங்க நிக்கும், காப்புறுதி, எத்தனை மணிக்கு ரோட்டைத் திருப்பிக் கொடுப்பாங்க. அப்புறம் சுவத்துல இருந்த பெரிய காலண்டரைக் காட்டினார். வாரக் கடைசி ஒன்னுகூட காலியா இல்ல. பள்ளி விடுமுறை, ஓட்டம், கம்பெனி குடும்ப தினம், சாப்பாட்டுத் திருவிழா, ஆலயம், தோக்கோங். "எல்லாருக்கும் இதே கடற்கரைதான் வேணும், என்சிக். எனக்கு இருக்கிறதும் இதே கடற்கரைதான்" அப்படின்னார்.

அவர் கேட்டது மூணே கேள்வி. வண்டியெல்லாம் எங்க நிறுத்துவீங்க? எத்தனை மணிக்கு முடிப்பீங்க? முடிஞ்சதும் யார் சுத்தம் பண்ணுவாங்க? இந்த மூணுக்கும் என்கிட்ட பதில் இல்ல. என் லைன்ல வேலை செய்ற பையன் இப்படி வந்து நின்னா நானே திட்டி அனுப்பியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பேக்டரியில பண்ற மாதிரியே ஒரு தாள் போட்டேன். எந்த நேரத்துல ரதம் எங்க இருக்கணும், ஒவ்வொரு முனைக்கும் யார் பொறுப்பு, அவர் வரலேன்னா பதிலுக்கு யாரு. ஏழு கடிதம்: நகராண்மைக் கழகம், போலீஸ், பொதுப்பணி இலாகா, மாவட்ட நில அலுவலகம், தண்ணியில பாதுகாப்புக்கு பொதுத் தற்காப்புப் படை, ஆம்புலன்ஸ் வழி தெரிஞ்சிருக்கட்டும்னு ஆஸ்பத்திரி, குப்பைக்கு ஒப்பந்த நிறுவனம். எல்லாத்துக்கும் நகல் வாங்கி, முத்திரை குத்தி, ஒரு பைல்ல வச்சாச்சு.

2025-ல மாசி மகம் மார்ச் 12, புதன்கிழமை. நோன்பு மாசத்துல பதினொன்னாம் நாள். சாயந்திரம் போக முடியாது. மூணு நாலு மணியிலேர்ந்தே ரமலான் பஜார் கூட்டம், அப்புறம் ஏழரை வாக்குல நோன்பு திறக்க எல்லாரும் வீட்டுக்கு ஓடுவாங்க. பணியில இருக்கிற போலீஸ்காரங்கள்ல பாதிப்பேர் நோன்பு இருப்பாங்க, அவங்களை வெயில்ல நிக்க வைக்கிறதும் நியாயம் இல்ல. அதனால காலைக்கு மாத்தினோம். பள்ளிப் பிள்ளைங்க உள்ள போனதுக்கு அப்புறம் ஏழே முக்காலுக்கு ரதம் கிளம்பணும், பத்து மணிக்குள்ள ரோடு காலியாகணும். பௌர்ணமி சமயத்துல கடல் வழக்கத்தைவிட அதிகமா ஏறும், அதிகமா இறங்கும். அதனால அட்டவணையைப் பார்த்து எது வரைக்கும் பிள்ளைங்க இறங்கலாம்னு கயிறு கட்டிட்டோம்.

பிரமுகர்களுக்கு ஒரே வரி: "ரதம் 7.45-க்குக் கிளம்பும், யாருக்காகவும் காத்திருக்காது." ஒருத்தர் எட்டரைக்கு வந்தார். கடற்கரையில வந்து சாமி கும்பிட்டுக்கிட்டார். ஒன்னும் கோவிச்சுக்கல.

பூசைக்குப் பிளாஸ்டிக் கிடையாது. தேங்காயை மணல்ல உடைக்கக் கூடாது, அதுக்குன்னு தார்ப்பாய் விரிச்ச இடம். மாலையைக் கடல்ல போடாம தனி மூட்டை. அன்னதானம் ஆலயத்துலதான், கடற்கரையில வெறும் தண்ணி, அதுவும் அவங்கவங்க போத்தல்ல ஊத்திக்கணும். முடிஞ்சதும் முப்பது பேர் வரிசையா நடந்து பொறுக்கினோம். இருபத்து ரெண்டு மூட்டை. ரோடு ஒன்பது அம்பதுக்குத் திறந்தாச்சு.

எல்லாம் சுபம்னு சொல்லி முடிச்சா அது பொய். புதன்கிழமை காலைங்கிறதால வந்தவங்க போன வருஷத்துல பாதிதான். பேக்டரி ஆளுங்க லீவு கிடைக்காம வரல. பள்ளிப் பிள்ளைங்களும் வரல. கோலாட்டம் ஆட வேண்டிய பிள்ளைங்க வகுப்புல உட்கார்ந்திருந்தாங்க. ஒரு அம்மா என்கிட்ட வந்து, "ஒழுங்கா நடந்துச்சு தம்பி, ஆனா திருவிழா மாதிரி இல்ல"ன்னு சொன்னாங்க. அது மனசுல தைச்சுடுச்சு. ஒழுங்கும் வேணும், ஜனமும் வேணும். ரெண்டையும் சேர்க்கிறது இன்னும் எங்களுக்குக் கைவரல. வர்ற மாசி மகமும் நோன்பு மாசத்துலதான் வருது. அதனால பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வேலை இடங்களுக்கும் இப்பவே கடிதம் எழுதச் சொல்லியிருக்கேன், முடிஞ்சவங்களுக்கு லீவு கொடுக்கட்டும்னு.

இன்னொன்னும் சொல்லணும். 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு. கடற்கரையில கூட்டம் கூடத்தான் போகுது. வர்ற ஜனவரி 1 முதல் பொது இடத்துல குப்பை போட்டா 2,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், அதோட 12 மணி நேரம் வரைக்கும் சமூக சேவையும் செய்யச் சொல்லலாம்னு சட்டம் நடப்புக்கு வருது. பக்தர்னு பார்த்து விட மாட்டாங்க, விடவும் கூடாது. கூட்டுற அந்த அம்மா நம்ம அம்மாதான்னு நினைச்சாலே போதும்.

பெரியப்பா விஷயம் கேட்பீங்க. 2025-ல அவர் ரதத்துக்குப் பின்னாடி நடந்து வந்தார், என் பக்கம் திரும்பல. ஆனா கடற்கரையில எல்லாரும் குப்பை பொறுக்கும்போது அவரும் குனிஞ்சு ஒரு மாலையை எடுத்து என் மூட்டையில போட்டார். வாய் திறக்கல. நேத்து கூட்டத்துல ஏழாவது கடிதம் அவர் கைக்குப் போச்சு, ஆஸ்பத்திரிக்குப் போற கடிதம். கண்ணாடியைப் போட்டு முழுசா படிச்சார். கையெழுத்துப் போட்டுட்டு, "ஆம்புலன்ஸ் வந்தா ரதம் எங்க ஒதுங்கணும்னு இதுல எழுதலையே"ன்னு கேட்டார்.

இருபத்தொரு மாசத்துக்கு அப்புறம் அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை அது. எழுதிட்டோம் பெரியப்பா. மூணு இடம் குறிச்சு வரைபடத்தோட சேர்த்தாச்சு.

ஊர்வலத்துக்கு முனை பார்க்க இன்னும் பதினாறு தொண்டூழியர் தேவை. காலை ஆறரைக்கு வரணும். முடிஞ்சதும் குப்பை பொறுக்கிட்டுத்தான் பசியாறல். சம்மதம்னா கீழே உங்க பேரைப் போடுங்க. கடற்கரை ஊர்ல இருக்கிற மத்த ஆலயத்துக்காரங்க இதைப் பகிர்ந்துக்குங்க. தாள் மாதிரி வேணும்னா கேளுங்க, அனுப்பி வைக்கிறேன்.

எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் சக்தி.